முறிவும் பொருத்தும்: முன்கை எலும்பு முறிவைத் தமிழ் அறிந்த வரலாறு



மொழியியல் பயின்ற ஒருவர் எலும்பு முறிவைப் பற்றிப் பேச முன்வருவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். மருத்துவம் சொல்வது மருத்துவர் பணி. ஆயினும், கீழே விழுந்த குழந்தையைத் தூக்கும் ஆசிரியரும், எண்ணெய் தடவ முனையும் பாட்டியும், மருத்துவமனையில் வரவேற்கும் தாதியும் முதலில் கையாள்வது சொற்களையே. 'பிசகு' என்று சொன்னால் ஒரு வழி. 'முறிவு' என்று சொன்னால் மற்றொரு வழி. சொல் தவறினால் கை தவறும். ஆகவே முழங்கை, முன்கை எலும்பு முறிவுகளை மனிதர் எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு கட்டினர், அவ்வறிவு தமிழில் எவ்வாறு பெயர் பெற்றது என்பதைச் சுருக்கமாக உரைக்க விழைகிறேன்.

1. உறுப்புப் பெயர்கள் தரும் செய்தி

தமிழில் 'கை' என்னும் ஓரசைச் சொல் தோளிலிருந்து விரல்நுனி வரை முழு உறுப்பையும் குறிக்கும். மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் குறிப்பதும் உண்டு. எனவே 'கை முறிந்தது' என்னும் தொடர் இடத்தைச் சுட்டாது. 'முழங்கை' என்பதும் இருபொருள் உடையது. மடங்கும் மூட்டையும் அது குறிக்கும். அம்மூட்டு முதல் மணிக்கட்டு வரையுள்ள பகுதியையும் பேச்சுவழக்கு அப்பெயராலேயே சுட்டும். இவ்வுரையில் மூட்டை 'முழங்கை' என்றும், அதற்குக் கீழுள்ள பகுதியை 'முன்கை' என்றும் வழங்குகிறேன்.

முழங்கை, முழங்கால், முழம் ஆகிய மூன்றும் ஒரே அடியிற் பிறந்தவை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளமே முழம். பூக்காரர் இன்றும் அவ்வாறே அளக்கிறார். இலத்தீனில் 'குபிட்டுஸ்' என்னும் சொல் முழங்கையையும் முழத்தையும் ஒருங்கே குறித்தது. 'உல்னா' என்னும் எலும்புப் பெயரும் அம்மொழியில் முழங்கைக்கும் அளவைக்கும் வழங்கியதே. மலாய்க்காரர் இவ்வளவை 'ஹஸ்தா' என்பர். உடலையே அளவுகோலாகக் கொண்ட மனிதர் எங்கும் ஒன்றுபோலவே எண்ணியுள்ளனர்.

மணிக்கட்டு என்பது மணி கோத்துக் கட்டும் இடம். மலாய் மொழியில் அதனைப் 'பெர்கெலாங்ஙான் தாஙான்' என்பர். அச்சொல்லின் நடுவில் நிற்கும் 'கெலாங்' வளையலே. சங்கப் பாடல்களில் முன்கையும் வளையும் அடுத்தடுத்து வரும். பிரிவால் மெலிந்த கையிலிருந்து வளை நெகிழ்ந்து விழும். முறிந்த கையில் நிகழ்வதோ இதற்கு மறுதலை. கை வீங்க, வளை இறுகும். இறுகிய வளை குருதியோட்டத்தைத் தடுக்கும். ஆதலால் கை அடிபட்டவுடன் வளையலையும் மோதிரத்தையும் கயிற்றையும் கழற்றுதல் முதற்கடமை என்று இன்றைய முதலுதவி நூல்கள் கூறுகின்றன.

முன்கையில் எலும்புகள் இரண்டு. கட்டைவிரற் பக்கம் இருப்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஆரை' என்றும், சுண்டுவிரற் பக்கம் இருப்பதை 'அரந்தி' என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு நூல்களில் முன்னது 'ஆர எலும்பு'. பின்னது பெரும்பாலும் 'அல்னா' என்று ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. ஆர் அல்லது ஆரம் என்பது சக்கரத்தின் ஆரக்கால். 'ரேடியஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். இப்பெயரின் பொருத்தத்தை எளிதிற் காணலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றி, உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பிப் பாருங்கள். அரந்தி ஏறத்தாழ நிலைத்து நிற்க, ஆரை அதனைச் சுற்றிச் சுழலும். அச்சைச் சுற்றும் ஆரக்கால் போன்ற இவ்வியக்கத்தால்தான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறோம், பூட்டைத் திறக்கிறோம், கை நீட்டி ஏந்துகிறோம். முறிவு மருத்துவத்தின் அருமையும் இங்கேயே உள்ளது. எலும்பு கூடினால் மட்டும் போதாது. இச்சுழற்சியும் மீள வேண்டும்.

2. ஒடிவு, முறிவு, பிசகு

எலும்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் 'என்பு' என்னும் வடிவமும் உண்டு. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் ஆண்ட சொல் அது. மலையாளத்தில் 'எல்லு', கன்னடத்தில் 'எலுபு', தெலுங்கில் 'எமுக' என இவை ஓரினச் சொற்கள். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் 'என்பு' இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம் 'எலும்பு' என்கிறோம்.

எலும்புக்கு நேரும் கேட்டைக் குறிக்கத் தமிழில் வினைகள் பல. மெல்லிய கொம்பு ஒடியும், தடித்தது முறியும், மட்பாண்டம் உடையும், பல துண்டானது நொறுங்கும், பிளவு மட்டும் கண்டது வெடிக்கும் அல்லது கீறும். மூட்டு தன் நிலை பெயர்ந்தால் விலகும் அல்லது பிசகும்; தசைநார் மட்டும் இழுபட்டால் சுளுக்கும். வர்ம மருத்துவ நூல்களில் 'ஒடிவு முறிவு' என்பது இணைமொழியாகவே நிற்கிறது. 'வர்ம ஒடிவு முறிவு சர சூத்திரம்' என்னும் பெயரே சான்று. யாழ்ப்பாணத்தாரோ 'முறிவு நெரிவு வைத்தியம்' என்பர்.

இவ்வளவு நுட்பமான சொற்கள் இருந்தும், பேச்சில் அவற்றின் எல்லை மங்கிவிடுகிறது. விரலை அசைக்க முடிந்தால் முறிவில்லை என்று எண்ணுவோர் பலர், அது தவறு. முறிந்த கையின் விரல்களும் அசையும், ஏனெனில் விரலை அசைக்கும் தசைகள் அறுபடுவதில்லை. 'வெடிப்புத்தானே, முறிவு இல்லையே' என்று ஆறுதல் அடைவோரும் உண்டு. மருத்துவத்தில் வெடிப்பும் முறிவின் ஒரு வகையே. மலாயில் 'ரெத்தாக்' என்பதற்கும் 'பாத்தா' என்பதற்கும் இடையே இதே மயக்கம் நிலவுவதைப் பினாங்குவாசிகள் அறிவர்.

குழந்தைகளின் எலும்பு பச்சைக் கொம்பைப் போன்றது. வளைத்தால் ஒருபுறம் நார் பிரிந்து, மறுபுறம் ஒட்டியபடியே நிற்கும். இதனைப் 'பசுங்கொம்பு முறிவு' என்று மொழிபெயர்த்தவர் தமிழ் இயல்பை நன்கு உணர்ந்தவர். முருங்கைக்கும் வேம்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எந்தச் சிறுவனுக்கும் அச்சொல் உடனே விளங்கும்.

3. தப்பை முதல் மாவுக்கட்டு வரை

முன்கை முறிவைக் கட்டும் கலை மிகப் பழையது. எகிப்தில் நாக-எத்-தேர் என்னுமிடத்தில் அகழ்ந்த ஐந்தாம் அரசமரபுக் காலக் கல்லறைகளில், முறிந்த முன்கை ஒன்று மரத் தப்பைகளோடும் துணிச்சுற்றோடும் கிடைத்தது. உடற்கூற்றியலார் கிராஃப்டன் எலியட் சுமித் 1908இல் அதனை விரித்து எழுதினார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டு அது.

கிரேக்கத்தில் இப்போகிரட்டீசு பெயரால் வழங்கும் முறிவு நூல், முன்கையை எந்நிலையில் வைத்துக் கட்டுவது என்னும் வாதத்தோடுதான் தொடங்குகிறது. வில்லாளியின் கைநிலையைப் பின்பற்றிக் கட்டுவோரை அந்நூல் மறுத்து, இயல்பான நிலையே ஏற்றது என்கிறது. சுசுருத சங்கிதை மூட்டு விலகலை ஆறாகவும், எலும்பு முறிவைப் பன்னிரண்டாகவும் வகுத்தது. மரப்பட்டையும் மூங்கிலும் கொண்டு கட்டச் சொன்னது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைபெறாது, இறுகினால் வீக்கமும் வலியும் மிகும் என்று அது எச்சரித்தது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டை மாற்ற வேண்டும் எனவும் விதித்தது. இவ்விதியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

தமிழில் மூங்கிற் சிம்புக்குத் 'தப்பை' என்று பெயர். தப்பை வைத்துக் கட்டும் நாட்டு மருத்துவத்தில் தமிழ்நாட்டார் நாவில் நிலைத்த பெயர் 'புத்தூர்க் கட்டு'. ஆந்திர மாநிலத்தில் திருப்பதியை அடுத்த புத்தூர் அதன் ஊர். மூலிகை விழுதும் முட்டை வெண்கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது அதன் முறை. தென்குமரியில் வர்ம ஆசான்மார் இக்கலையைக் காத்தனர்.

1852இல் ஒல்லாந்து நாட்டுப் படை மருத்துவர் அந்தோனியசு மத்தைசன் துணிச்சுருளில் சுண்ணச்சாந்துத் தூளைத் தேய்த்து, நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். நனைந்த மாவு சில நிமிடங்களில் கல்லாக இறுகும். இப்புதுமைக்குத் தமிழர் தேடிச் சென்று சொல்லாக்கம் செய்யவில்லை, 'மாவுக்கட்டு' என்றனர். வெண்ணிறத் தூளைக் கண்டதும் மாவு நினைவுக்கு வந்தது. மாவும் வெண்கருவும் பூசும் பழைய பழக்கம் அதற்குத் துணைநின்றது. மலேசியாவில் மலாய்க்காரர் 'சீமேன்' என்பர்; நம் பிள்ளைகளும் 'கையில் சிமெண்ட் போட்டார்கள்' என்கின்றனர். பொதுமக்கள் ஆக்கும் சொல், பார்த்த பொருளிலிருந்து பிறக்கிறது, அதனாலேயே நிலைக்கிறது.

4. 1814ஆம் ஆண்டும் 1895ஆம் ஆண்டும்

1814ஆம் ஆண்டு முன்கை முறிவின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. தப்ளினில் ஆபிரகாம் காலிசு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை முறிவதை விளக்கினார். அதுவரை பலர் அதனை மணிக்கட்டு விலகல் என்றே கருதினர். அதாவது, முறிவைப் பிசகென்று பிழையாகப் பெயரிட்டிருந்தனர். ஊன்றிய கையோடு விழும்போது, குறிப்பாக எலும்பு வலுவிழந்த மூத்த பெண்களிடம், மிகுதியாகக் காணப்படுவது இம்முறிவே. அவ்வாண்டிலேயே இத்தாலியில் சியோவன்னி மொந்தேச்சியா மற்றொன்றைக் கூறினார்: அரந்தி முறிந்து, ஆரையின் தலை முழங்கையில் விலகுவது. 1934இல் கலேயாத்சி இதன் தலைகீழ் வடிவைப் பரப்பினார்: ஆரை முறிந்து, மணிக்கட்டருகே அரந்தியின் மூட்டு விலகுவது.

இவ்விரண்டும் ஓர் உண்மையைக் கற்பிக்கின்றன. ஆரையும் அரந்தியும் மேலும் கீழும் பிணைந்து ஒரு வளையம்போல் நிற்கின்றன. வளையத்தின் ஓரிடம் முறிந்து குறுகினால் மற்றோரிடம் நெகிழும். ஆகவேதான் முன்கை முறிவுக்குப் படம் எடுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் இரண்டும் தெரிய எடுக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

காலிசும் மொந்தேச்சியாவும் தோலுக்குள் பாராமல் விரலால் உணர்ந்து எழுதியவர்கள். 1895 நவம்பரில் உரோண்ட்கன் எக்சுக் கதிரைக் கண்டார். ஆண்டிறுதியில் தம் மனைவியின் கையெலும்பைப் படமாக்கினார். 1896 பிப்ரவரியில் அமெரிக்காவின் தார்ட்மத் கல்லூரியில் முதன்முதலாக நோயாளி ஒருவரைப் படம் எடுத்தபோது, அவர் பனித்தரையில் சறுக்கி விளையாடி மணிக்கட்டருகே எலும்பு முறிந்த 14 வயதுச் சிறுவராக இருந்தார். வெடிப்பா, முறிவா, பிசகா என்னும் பழைய வழக்கு அன்று கண்ணால் தீர்க்கத்தக்கதாயிற்று.

5. மானிப்பாயில் ஒரு மொழிப்பணி

இவ்வறிவு தமிழில் நூலுருப் பெற்ற இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்தார். 1848 முதல் மாணவர்க்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணி தேடி ஊரைவிட்டு நீங்குவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினர். கட்டரின் உடற்கூற்று நூல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என 1857இலும், துரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' என 1867இலும், கிரேயின் உடற்கூற்றியல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும் வெளிவந்தன. முறிவும் மூட்டு விலகலும் மேனாட்டு முறையில் தமிழில் விளக்கம் பெற்றது 'இரண வைத்தியம்' வாயிலாகவே.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு படிமுறையைக் கைக்கொண்டார். மக்கள் வழக்கில் தமிழ்ச்சொல் உண்டா என்று முதலில் தேடுதல். இல்லையேல் வடசொல்லை நாடுதல். அதுவும் பொருந்தாவிடில் ஒலிபெயர்த்தல். 'கெமிஸ்தம்' என்பது மூன்றாம் படிக்கு எடுத்துக்காட்டு. அவர் ஆக்கிய சொற்களில் வடமொழிச் சாயல் மிகுதி என்று இன்று நாம் குறைகூறலாம். 'சுகரணவாதம்' இன்று யார்க்கும் விளங்காது. ஆனால் குறை காணத்தக்க நூல் ஒன்று முதலில் இருக்க வேண்டும் அல்லவா? அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றுவித்து 1873இல் அவர் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. நூல்கள் மட்டும் எஞ்சின. அவற்றைக் கொண்டு நோயாளியோடு பேசும் மருத்துவர் வழிமரபு அறுந்தது.

விளைவு யாது? ஒருபுறம் ஆங்கிலம் பேசும் மருத்துவமனை. மறுபுறம் தமிழ் பேசும் கட்டுக்காரர் வீடு. நோயாளி தன் மொழி ஒலிக்கும் வாயிலை நாடுவது இயல்பு.

6. இறுகிய கட்டு

அவ்வாயிலில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. இரண்டையும் நடுவுநிலையோடு நோக்க வேண்டும். இங்கிலாந்தில் எலும்பு மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் இயூ ஓவன் தாமசு, பரம்பரை எலும்புக் கட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்து மருத்துவக் கல்வியும் பெற்றவர். மரபும் கல்வியும் ஒரு கையில் சேர முடியும் என்பதற்கு அவர் சான்று.

இடர் எங்கே? ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை கை நீட்டி விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவது மிகுதி. அவ்விடத்தில் கைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருங்குழாய் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. வீக்கம் ஏறும் வேளையில் கட்டும் இறுகினால் தசைக்குக் குருதி செல்லாது. சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். பின்னர் விரல்கள் கூகைநகம்போல் மடங்கி நிலைத்துவிடும். செருமானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபோல்க்மன் 1881இல் இதனை விளக்கினார். மூங்கில் தப்பையாலும் இது நேரும்; மருத்துவமனை மாவுக்கட்டாலும் நேரும். சுசுருதர் காலத்து எச்சரிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய பெயரோடு திரும்பிவந்தது. கட்டு யாருடையது என்பதைவிட, கட்டியபின் யார் கவனிக்கிறார் என்பதே முதன்மை.

கவனிக்க வேண்டிய குறிகளைத் தமிழில் எளிதாகச் சொல்லலாம். வலி தணியாமல் ஏறிக்கொண்டே போதல், விரலை மெல்ல நிமிர்த்தினாலும் துடித்தல், விரல் வெளுத்தல் அல்லது நீலம் பாரித்தல், குளிர்ந்து போதல், மரத்துப்போதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் மூவகைக் கட்டுக்காரரும் அருகருகே வாழ்ந்த வரலாறு உண்டு. மலாய்க்காரரின் 'போமோ பாத்தா', விழுதலும் அடிபடுதலும் என்னும் பொருள்கொண்ட பெயரால் வழங்கும் சீனர் முறையான 'டிட்-டா', தமிழரின் சுளுக்கு எடுப்போர் என மூன்று மரபும் ஒரே தெருச்சூழலில் நிலவின. தமிழர் சீனரிடமும், சீனர் மலாய்க்காரரிடமும் கைநீட்டினர். மலேசியா 2016இல் மரபு மருத்துவத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, மருத்துவரைப் பதிவுக்கு உட்படுத்தியது. சட்டம் தன் பணியைச் செய்யும். ஆயினும் முதல் முடிவு வீட்டிலும் பள்ளித்திடலிலும் எடுக்கப்படுகிறது. அங்கே செயற்படுவது மொழி.

7. கூடும் காலம்

முறிந்த எலும்பு தானே கூடும். மருத்துவம் அதற்கு நேர்மையும் அமைதியும் தருகிறது. முதலில் முறிவிடத்தில் குருதி உறையும். பின் மென்மையான இணைப்புத்திசு தோன்றும். அது படிப்படியாகக் கடினமாகும். இறுதியில் பல மாதங்களில் எலும்பு தன் பழைய வடிவை மீளச் செதுக்கும். மணிக்கட்டருகே முறிந்தால் ஏறத்தாழ ஆறு வாரக் கட்டு வழக்கம். குழந்தைகளின் முன்கை முறிவு பெரும்பாலும் நேராக்கிக் கட்டினாலே ஆறும். பெரியவர்க்கு முன்கை எலும்பு இரண்டும் முறிந்தால் பெரும்பாலும் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவர். சுழற்சி மீள எலும்புகள் மிக நேராக அமைய வேண்டும் என்பதே காரணம். 1958இல் சுவிட்சர்லாந்தில் மருத்துவர் சிலர் ஒரு கழகமாய்க் கூடி இம்முறைக்கு ஒழுங்கு வகுத்தனர். முழங்கை முனை நேரே தரையில் மோதி முறிந்தால், மேற்கைத் தசை துண்டை மேலே இழுத்துவிடும். அதற்குக் கம்பியோ தகடோ தேவைப்படலாம்.

முழங்கைக்கு ஒரு தனிக்குணம் உண்டு: நெடுநாள் அசையாதிருந்தால் விறைத்துவிடும். ஆகவே மருத்துவர் இசைந்த நாளிலேயே அசைக்கத் தொடங்க வேண்டும். விறைத்த முழங்கையை எண்ணெயிட்டு வலிந்து நீவினால், தசைக்குள் எலும்பு படியும் கேடும் உண்டு. தானே மெல்ல மடக்கி நீட்டுவதே மருந்து. விரல்களையும் தோளையும் கட்டுக்காலம் முழுவதும் அசைத்துவர வேண்டும்.

8. நம் முன் உள்ள பணி

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, உடற்கூற்றுச் சொற்கள் நம் வகுப்பறைகளிலிருந்து பல ஆண்டுகள் விலகி நின்றன. அக்கொள்கை பின்னர் நீங்கிற்று. எனினும் விடுபட்ட சொல் தானே திரும்பி வருவதில்லை. கற்பிப்பவர் அழைத்தால்தான் வரும்.

ஆசிரியர்க்கு மூன்று வேண்டுகோள்கள். ஆரை, அரந்தி, மேற்கை எலும்பு என்னும் மூன்று பெயரையும் மாணவர் தம் கையையே தொட்டுக் கற்கட்டும். மலாய், ஆங்கிலப் பெயர்களும் உடன் இருக்கட்டும். முறிவு, விலகல், சுளுக்கு என்னும் மூன்றையும் வேறுபடுத்திப் பேசப் பழகட்டும். எதுவென ஐயம் எழுந்தால் முறிவென்றே கொண்டு, கண்ட நிலையிலேயே தாங்கிக் கட்டி, மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் ஏற்படட்டும். மூன்றாவதாக, மேலே கூறிய அபாயக் குறிகளைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பள்ளி நோயறையிலும் ஒட்டட்டும்.

மாணவர்க்கும் ஒன்று. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் தாதியராகவும் இயன்முறை மருத்துவராகவும் ஆவீர்கள். வலியோடு வரும் மூதாட்டி 'பிசகிப்போச்சு' என்பார். அச்சொல்லைத் திருத்த முற்படாது, எங்கே, எவ்வாறு விழுந்தீர்கள், விரல் மரத்திருக்கிறதா என்று அவர் மொழியிலேயே வினவுங்கள். கிறீன் மானிப்பாயில் தொடங்கிய பணி நூலாக மட்டும் நின்றுவிட்டது. அதனைப் பேச்சாக்கும் வாய்ப்பு உங்களிடம் உள்ளது.